யூ2 பாப் பேண்ட் ஆயிடுச்சா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூ2ங்கிற அயர்லாந்து ராக் பேண்டோட ரசிகர்கள் ரெண்டு பேர் ஒரு டீக்கடையில சந்திச்சாங்கன்னா, டீ ஆறுறதுக்குள்ள இந்தச் சண்டை வந்துரும். பழசு பெருசா புதுசு பெருசாங்கிறது எல்லா ஊர்லயும் இருக்குற சண்டைதான், ஆனா இந்தப் பேண்ட் விஷயத்துல அதுக்கு ஒரு தனி வரலாறே இருக்கு. நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளை ஒரே இடத்துல போட்டு வச்சா எனக்கும் வாய் வலிக்காதுன்னுதான் இது.

சண்டை எதைப் பத்தி?

2014ல 'சாங்ஸ் ஆஃப் இன்னொசன்ஸ்', 2017ல 'சாங்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்'னு ரெண்டு ஆல்பம் விட்டாங்க. பேரைப் பாத்தாலே தெரியும், ரெண்டும் அண்ணன் தம்பி. யூ2வோட பெரிய ஆல்பங்களுக்குப் பின்னாடி இருந்த ப்ரொட்யூசர்கள், அதாவது ஸ்டுடியோவுல பாட்டோட சவுண்டைச் செதுக்குறவங்க, ப்ரையன் ஈனோ, டேனியல் லான்வா கூட்டணி இதுல இல்ல. அவங்க இடத்துல டேஞ்சர் மவுஸ், பால் எப்வொர்த், அப்புறம் ஒன்ரிபப்ளிக் பேண்டோட பாடகர் ரையன் டெட்டர்னு அந்தக் காலகட்டத்து ஹிட் பாட்டு ஆளுங்க வந்தாங்க. பாட்டெல்லாம் சின்னதாச்சு, கோரஸ் (நம்ம பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வர்ற பகுதி) சீக்கிரம் வந்துச்சு, கிட்டார் கொஞ்சம் பின்னாடி போய் உக்காந்துச்சு. இது ஒரு கூட்டத்துக்குத் துரோகமாப் பட்டுச்சு, இன்னொரு கூட்டத்துக்கு "ஐம்பத்தஞ்சு வயசுல இவ்ளோ ஃப்ரெஷ்ஷா யாருப்பா பாடுறா"ன்னு பட்டுச்சு. இவ்ளோதான் விஷயம்.

யூ2 யாருன்னே எனக்குத் தெரியாது, ரெண்டு வரியில சொல்ல முடியுமா?

அயர்லாந்து, டப்ளின். 1976ல லாரி மல்லன்னு ஒரு பதினாலு வயசுப் பையன் மவுண்ட் டெம்பிள் ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல "பேண்ட் ஆரம்பிக்கணும், ஆள் வேணும்"னு சீட்டு ஒட்டுறான், அவன் வீட்டு சமையல்கட்டுல முதல் ப்ராக்டிஸ். பாட போனோ, கிட்டாருக்கு எட்ஜ், பேஸ் கிட்டாருக்கு ஆடம் கிளேட்டன், ட்ரம்ஸுக்கு லாரி. அன்னைக்கு வந்தவங்கள்ல இந்த நாலு பேர்தான் இன்னைக்கும். ராக் உலகத்துல இது எவ்ளோ அபூர்வம்னு மத்த பேண்டுகளோட கதையைப் படிச்சா தெரியும், முக்காவாசி கோர்ட்டுலதான் போய் முடிஞ்சிருக்கும்.

"பாப் பக்கம் போயிட்டாங்க"ன்னு சொல்றீங்களே, காதால கேட்டா அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நல்ல கேள்வி, ஏன்னா பாதிப் பேர் இதைப் புரியாமலேதான் சண்டை போடுறாங்க.

ரெண்டு பாட்டை எடுத்துக்குவோம். 1987ல வந்த 'தி ஜோஷுவா ட்ரீ' ஆல்பத்தோட முதல் பாட்டு 'வேர் தி ஸ்ட்ரீட்ஸ் ஹேவ் நோ நேம்'. ஆரம்பத்துல கோயில் மாதிரி ஒரு கீபோர்ட் சத்தம் ரொம்ப ரொம்ப மெதுவா ஏறும், அதுக்கப்புறம் எட்ஜோட கிட்டார் எங்கேயோ தூரத்துலேர்ந்து உருண்டு வரும், அப்புறம் பேஸ், ட்ரம்ஸ், எல்லாம் வந்து சேந்து போனோ வாயைத் திறக்குறதுக்கே ஒன்றரை நிமிஷத்துக்கு மேல ஆயிடும். ஹாஸ்டல்ல நாங்க இதை கேசட்ல கேப்போம், ஆரம்பம் சரியாக் கேக்கலையேன்னு வால்யூமை முழுசா ஏத்திடுவோம், ட்ரம்ஸ் இறங்குன உடனே பக்கத்து ரூம்காரன் சுவத்துல டம்மு டம்முன்னு தட்டுவான். ஒவ்வொரு தடவையும் இதேதான், நாங்களும் திருந்தல அவனும் ரூம் மாத்தல.

எட்ஜோட அந்த கிட்டாருக்கு ஒரு வித்தை இருக்கு. டிலேன்னு ஒரு எஃபெக்ட், நீங்க ஒரு தடவை மீட்டினா அது கொஞ்சம் தள்ளி எதிரொலிச்சுத் திரும்ப வரும். அந்த எதிரொலி தாளத்தோட நேரா வந்து விழாம, முக்கால் துடிப்புத் தள்ளி வர்ற மாதிரி எட்ஜ் வச்சிருப்பாரு, அப்போ அவர் வாசிக்கிற ஸ்வரத்துக்கு நடுவுல எதிரொலி வந்து உக்காந்துக்கும். ஒரு ஆள் வாசிக்கிறது ரெண்டு மூணு பேர் வாசிக்கிற மாதிரி கேக்கும். யூ2 சவுண்டுன்னு ஊரே சொல்றது முக்கால்வாசி இதைத்தான். அந்தப் பாட்டை ரெக்கார்ட் பண்றது அவ்ளோ பாடாப் போச்சு, வெறுத்துப்போன ஈனோ டேப்பையே அழிச்சிட்டு முதல்லேர்ந்து தொடங்கலாம்னு கிளம்பிட்டாரு, ஸ்டுடியோவுல இருந்தவங்க தடுத்துதான் அது பொழச்சுது.

இப்போ 2017ல வந்த 'யூ ஆர் தி பெஸ்ட் திங் அபவுட் மீ' கேளுங்க. சில செகண்ட்லயே போனோ பாட ஆரம்பிச்சிடுவாரு, நாலு நிமிஷம் ஆகுறதுக்குள்ள பாட்டே முடிஞ்சிடும். கிட்டார் இருக்கு, ஆனா அது பாட்டை இழுத்துட்டுப் போகல, பாட்டுக்குப் பெயிண்ட் அடிக்குது. குரல் எல்லாத்துக்கும் மேல, பளிச்சுனு, கண்ணாடி துடைச்ச மாதிரி. கோரஸ் ஒரு தடவை கேட்டாலே மனசுல ஒட்டிக்கும், அதுக்காகவே செஞ்சது. அதே மாசம் நார்வே டிஜே கைகோ அதுக்கு ஒரு டான்ஸ் ரீமிக்ஸ் வேற பண்ணாரு. இதுதான் பாப் பக்கம் போறதுன்னா.

தப்புன்னு சொல்ல வரல. வித்தியாசம் எங்க இருக்குன்னு காட்டுறேன், அவ்ளோதான்.

இது முதல் தடவையா நடக்குது?

இல்லவே இல்ல, அதுதான் இந்தச் சண்டையோட தமாஷே. இப்போ "பழைய யூ2 எங்க"ன்னு கேக்குற ஆளுங்க எந்த ஆல்பத்தைத் தலையில வச்சுக் கொண்டாடுறாங்களோ, அது வந்தப்பவே "பழைய யூ2 எங்க"ன்னு ஒரு கூட்டம் கேட்டுச்சு.

1988ல 'ராட்டில் அண்ட் ஹம்'னு அமெரிக்க ப்ளூஸ் வேர் தேடிப் போய் விமர்சகர்கள்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. அப்புறம் 1990 அக்டோபர்ல, ரெண்டு ஜெர்மனியும் ஒண்ணான அதே நேரத்துல, பெர்லின் ஹான்ஸா ஸ்டுடியோவுக்குப் போறாங்க. போனோவுக்கும் எட்ஜுக்கும் டான்ஸ் மியூசிக், இண்டஸ்ட்ரியல் சத்தம்னு புதுசா ஏதாவது வேணும். ஆடமுக்கும் லாரிக்கும் "நாம நல்லாத்தானே வாசிச்சிட்டு இருந்தோம், இப்ப எதுக்கு ட்ரம் மெஷின்"னு கோபம். பேண்ட் உடையுற நிலைமைக்கே போயிடுச்சு. 'மிஸ்டீரியஸ் வேஸ்' பாட்டுக்காக எட்ஜ் சும்மா ரெண்டு கார்ட் வரிசையை (கார்ட்னா சேந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) வாசிச்சுக் காட்ட, அது ரெண்டையும் சேத்து வாசின்னு லான்வா சொல்ல, அப்படியே அங்கேயே 'ஒன்' பாட்டு பொறந்துச்சு. அந்தப் பாட்டுதான் அவங்களைக் காப்பாத்துச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

அந்த ஆல்பம் 1991ல வந்த 'ஆக்டங் பேபி'. ஜோஷுவா ட்ரீயை நாலு பேர் கோடாலியால வெட்டுற சத்தம் இதுன்னு போனோவே சொன்னாரு. முதல் சிங்கிள் 'தி ஃப்ளை' வானொலியில வந்தப்போ ரேடியோ பழுதாயிடுச்சோன்னு நினைக்கிற அளவுக்கு இரைச்சல். இன்னைக்கு கேட்டா அதுவும் பழைய யூ2 லிஸ்ட்ல சேந்திருச்சு, அதைத் தொட்டாலும் அடிக்க வருவாங்க.

அப்போ 1997ல வந்த 'பாப்' ஆல்பம்? பேர்லயே இருக்கே.

பேர்லதான் பாப், உள்ள போனா அது இந்த ரெண்டு புது ஆல்பத்தை விட ரொம்ப இருட்டு. டெக்னோ, லூப் (திரும்பத் திரும்ப ஓடுற ஒலித்துண்டு), சாம்பிள்னு ஹவ்வி பி, ஃப்ளட்னு ப்ரொட்யூசர்கள் எல்லாம் சேந்து செஞ்சது. முக்கியமான கட்டத்துல லாரிக்கு முதுகு ஆபரேஷன், அதனால ட்ரம்ஸுக்குப் பதிலா லூப் வச்சு வேலையை நகர்த்தினாங்க, அவர் திரும்பி வந்தவுடனே பாதியைத் திரும்பப் பண்ண வேண்டியதாச்சு. இதுக்கு நடுவுல அவங்க மேனேஜர் உலக டூருக்கு தேதி புக் பண்ணி முடிச்சிட்டாரு. 1996 கிறிஸ்துமஸுக்கு வரவேண்டியது 1997 மார்ச்சுக்குத் தள்ளிப்போயும் வேலை முடியல. கல்யாண தேதி குறிச்சாச்சு மண்டபமும் பிடிச்சாச்சு, மாப்பிள்ளைக்கு சட்டை மட்டும் இன்னும் டெய்லர்கிட்டங்கிற கதை. பின்னாடி 2002ல ஹிட்ஸ் தொகுப்பு வந்தப்போ அந்த ஆல்பத்தோட சில பாட்டை திரும்ப மிக்ஸ் பண்ணிதான் போட்டாங்க, அவங்களுக்கே மனசு ஒப்பலன்னு அர்த்தம்.

டூர் பேரு பாப்மார்ட். அதை அறிவிச்சதே நியூயார்க்ல கேமார்ட்ங்கிற ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குள்ள. மேடையில நூறடி உயர மஞ்சள் வளைவு, ராட்சச எல்இடி ஸ்க்ரீன், அப்புறம் நாப்பதடி எலுமிச்சம்பழம். ஆமா, எலுமிச்சம்பழம்தான். கண்ணாடி பதிச்சு மினுமினுக்கும், உருண்டு வந்து நடுவுல திறக்கும், உள்ளேர்ந்து நாலு பேரும் இறங்கி வருவாங்க. ஆஸ்லோவுல ஒரு நாள் அது திறக்காம மாட்டிக்கிச்சு. பழைய ரசிகர்கள் இன்னைக்கு வரைக்கும் அந்த எலுமிச்சையை விடல, எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில ஒருத்தன் அதைப் பிழிஞ்சு விட்டுட்டுத்தான் போவான்.

ஆனா ஒண்ணு. அதே எலுமிச்சம்பழ டூர்தான் 1997 செப்டம்பர்ல போஸ்னியாவுல இருக்குற சரயேவோவுக்குப் போச்சு, போர் முடிஞ்சு ரெண்டு வருஷம் கூட ஆகாத ஊர், அங்க வந்த முதல் பெரிய ராக் கச்சேரி. போனோவுக்கு அன்னைக்கு தொண்டை போயிடுச்சு, பாட முடியல, கூட்டமே பாடுச்சு. பகட்டா ஒரு மேடையைப் போட்டுட்டு அதை ஒடஞ்சுபோன ஊருக்குத் தூக்கிட்டுப் போன பேண்ட் இது. அதனாலதான் இவங்களை ஒரே வார்த்தையில திட்டவும் முடியல பாராட்டவும் முடியல.

அதுக்கப்புறம்?

2000ல 'பியூட்டிஃபுல் டே'. திரும்ப எட்ஜோட அந்த மணியோசை கிட்டார், பெரிய கோரஸ். கிராமி மேடையில போனோ "உலகத்துலயே பெஸ்ட் பேண்ட்ங்கிற வேலைக்கு திரும்ப அப்ளை பண்றோம்"ங்கிற மாதிரி பேசினாரு, வேலையும் கிடைச்சுது. 2004ல 'வெர்டிகோ' பாட்டு இருக்குற ஆல்பம். 2009ல 'நோ லைன் ஆன் தி ஹொரைசன்', இதுதான் திருப்பம். ஈனோ, லான்வா கூட உக்காந்து மொராக்கோவுல எல்லாம் போய் செஞ்ச ஆல்பம், ஆனா அவங்க எதிர்பாத்த மாதிரி ஒரு ஹிட் கூட அதுலேர்ந்து எழும்பல. அந்த அடியிலதான் இந்த ஹிட் ப்ரொட்யூசர் தேடல் ஆரம்பிச்சுதுன்னு நான் நினைக்கிறேன்.

ஐஃபோன்ல கேக்காமலே வந்து உக்காந்த ஆல்பம் இவங்களோடதுதானே?

அதேதான். 2014 செப்டம்பர் 9. ஆப்பிள் புது ஐஃபோன் அறிமுகம் பண்ண மேடையில யூ2 பாடினாங்க, அன்னைக்கே 'சாங்ஸ் ஆஃப் இன்னொசன்ஸ்' ஐட்யூன்ஸ் கணக்கு வச்சிருந்த ஐம்பது கோடி பேருக்கு இலவசம்னு அறிவிச்சாங்க. இலவசம்னா "வேணும்னா எடுத்துக்கோ" இல்ல, நேரா உங்க லைப்ரரிக்குள்ளயே வந்துருச்சு. என் தங்கச்சி வீட்டுக்காரர் எனக்கு ஃபோன் பண்ணி "மச்சான், ஏதோ வெள்ளக்காரங்க பாட்டு என் ஃபோன்ல வந்திருக்கு, வைரஸா, எப்படி அழிக்கிறது"ன்னு கேட்டாரு. முப்பது வருஷமா நான் உயிரா நினைக்கிற பேண்ட், அவருக்கு வைரஸ்.

அழிக்கிறதுக்குன்னே ஆப்பிள் ஒரு தனிப் பக்கம் திறக்க வேண்டியதாச்சு. அடுத்த மாசம் போனோ மன்னிப்பு கேட்டாரு. அதுல அவர் சொன்ன காரணங்கள்ல கடைசி ஒண்ணுதான் எனக்கு முக்கியம்: கொஞ்சம் தலைக்கனம், கொஞ்சம் தாராளம், கொஞ்சம் விளம்பரம், கூடவே உயிரைக் கொடுத்து செஞ்ச பாட்டை யாரும் கேக்காமப் போயிடுவாங்களோங்கிற பயம். அந்தப் பயத்தை அவரே வாயால சொல்லிட்டாரு. இந்த மொத்த சண்டையிலயும் என் கட்சி அதுதான், இவங்க பாப் பண்ணது பிரச்சனையே இல்ல, யாரும் கேக்க மாட்டாங்களோன்னு பயந்துக்கிட்டே பண்ணது பிரச்சனை. 1991ல பண்ணதும் மாத்தம்தான், ஆனா அப்போ "கேக்குறவன் கேக்கட்டும், போறவன் போகட்டும்"னு பண்ணாங்க.

ரையன் டெட்டர்தான் கெடுத்தாரா?

எல்லாப் பழியையும் அவர் மேல போடுறது சுலபம், எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல. மனுஷன் மெட்டுப் போடுறதுல கெட்டிக்காரர். பிரச்சனை எங்கன்னா, கை அதிகம்.

'எவ்ரி பிரேக்கிங் வேவ்' பாட்டோட கதையைப் பாருங்க, எல்லாம் புரியும். இது 2014 ஆல்பத்துல வந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே 2010 டூர்ல மேடையில பாடியிருக்காங்க, ஒரு கிட்டார் வச்சு, அரைகுறையா. அப்பவே கேட்டவங்க "இது பெரிய பாட்டு"ன்னு சொன்னாங்க. அப்புறம் அது ஸ்டுடியோவுக்குள்ள போச்சு, நாலு வருஷம் கழிச்சு வெளிய வந்தப்போ டேஞ்சர் மவுஸ், டெட்டர் எல்லார் கையும் பட்டு, அடியில துடிக்கிற பேஸ், மேல அடுக்கடுக்கா குரல், சுத்தமா இஸ்திரி போட்டு மடிச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. நல்ல பாட்டுதான், குறை சொல்ல முடியாது, ஆனா அலை அடிக்கல.

அதுக்கப்புறம் விளம்பர நிகழ்ச்சிகள்லயும் 2015 டூர்லயும் எட்ஜ் பியானோவுல உக்காந்தாரு, போனோ மட்டும் பாடினாரு. வேற ஒண்ணும் இல்ல. கரைக்கு வர்ற ஒவ்வொரு அலையும் அடுத்த அலைக்கு ஏதோ சொல்லிட்டுப் போகுதுங்கிற மாதிரி தொடங்குற பாட்டு அது, ஒரு உறவுல முழுசா விழுறதுக்குப் பயப்படுற ரெண்டு பேர் பத்தினது. பியானோவுல கேட்டா அந்தப் பயம் குரல்லயே இருக்கும், சில இடத்துல போனோ மூச்சு வாங்குறது கூட கேக்கும். ஸ்டுடியோ வெர்ஷனைத் திட்டினவனும் கொண்டாடினவனும் ரெண்டு பேருமே இந்தப் பியானோ வெர்ஷன் வந்தப்போ வாயை மூடிட்டாங்க, எனக்குத் தெரிஞ்சு ரெண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே பாட்டு இதுதான்.

பாட்டு மோசமில்ல, பாட்டு மேல பூசினது அதிகம். 2017 ஆல்பத்துல ப்ரொட்யூசர் பேர் லிஸ்ட்டைப் பாருங்க, டெட்டர், ஜாக்நைஃப் லீ, ஸ்டீவ் லில்லிவைட், ஆண்டி பார்லோ, இன்னும் நாலஞ்சு பேர். ஒரு சாம்பாருக்கு எட்டு பேர் உப்பு போட்டா எப்படி இருக்கும்.

வரிகளும் லேசாயிடுச்சா? வெறும் காதல் பாட்டாத்தான் இருக்கா?

இதுல பழைய ரசிகர்கள் தப்பு பண்றாங்கன்னு நேராவே சொல்லிடுறேன். மேல இருக்குற சர்க்கரையைப் பாத்துட்டு உள்ள கடிச்சுப் பாக்கவே இல்ல.

2017 ஆல்பத்துல 'சம்மர் ஆஃப் லவ்'னு ஒரு பாட்டு, கடற்கரையில இளநி குடிச்சிட்டே கேக்குற மாதிரி இருக்கும். பேரைக் கேட்டா அறுபதுகளோட கலிஃபோர்னியான்னு நினைப்பீங்க. ஆனா பாட்டுல வர்ற 'வெஸ்ட் கோஸ்ட்' கலிஃபோர்னியா இல்ல, சிரியாவோட மேற்குக் கடற்கரை, அலெப்போவுல இடிபாடுகளுக்கு நடுவுல பூ வளத்த ஒரு தோட்டக்காரர் அதுல வர்றாரு. பக்கத்துலயே இருக்குற 'ரெட் ஃப்ளாக் டே'யும் கடல் தாண்டுன அகதிகள் பத்தித்தான். 2014 ஆல்பத்துல 'ரெய்ஸ்ட் பை வுல்வ்ஸ்' 1974 மே மாசம் டப்ளின்ல நடந்த கார் குண்டுவெடிப்பு. 'ஐரிஸ்' போனோவோட அம்மா, அவருக்குப் பதினாலு வயசுல தன் அப்பாவை அடக்கம் பண்ண இடத்துலயே மயங்கி விழுந்து சில நாள்ல இறந்துபோனவங்க. இதெல்லாம் லேசான சமாச்சாரமா?

2016 கடைசியில போனோவுக்கே இதயத்துல பெரிய ஆபரேஷன் நடந்துச்சு, அப்போ வெளிய சொல்லல, 2022ல அவரோட சுயசரிதையிலதான் விவரமா எழுதினாரு. 2017 ஆல்பத்துல பல பாட்டு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எழுதி வச்ச கடிதம் மாதிரி இருக்குறது ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. இது தெரிஞ்ச பிறகு 'லவ் இஸ் பிக்கர் தேன் எனிதிங் இன் இட்ஸ் வே' பாட்டை நான் கிண்டல் பண்றத நிறுத்திட்டேன். முழுசா நிறுத்தல, குறைச்சிட்டேன்.

எல்லாம் காசுக்காகத்தானே?

காசு வேணும்னா புதுப் பாட்டே போடத் தேவையில்ல. 2009லேர்ந்து 2011 வரைக்கும் அவங்க பண்ண 360 டிகிரி டூர்ல 110 கச்சேரி, எழுபது லட்சத்துக்கு மேல டிக்கெட், 73 கோடி டாலருக்கு மேல வசூல், அப்போ அதுதான் உலக ரெக்கார்ட். 2017ல ஜோஷுவா ட்ரீ முப்பது வருஷம்னு அந்தப் பழைய ஆல்பத்தை மேடையில முழுசா வாசிச்சதுக்கே ஸ்டேடியம் ரொம்பிச்சு. புது ஆல்பத்தால வந்த காசு இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

'சாங்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' முதல் வாரம் அமெரிக்காவுல 1,86,000 ஆல்பம் போனதாக் கணக்காகி பில்போர்டுங்கிற அமெரிக்க ஆல்பம் பட்டியல்ல முதலிடம் வந்துச்சு, எண்பதுகள்லேர்ந்து நாலு பத்தாண்டுலயும் முதலிடம் பிடிச்ச முதல் பேண்ட்னு பேரும் வந்துச்சு. ஆனா டூர் டிக்கெட் வாங்கினவங்களுக்கு ஆல்பத்தையும் சேத்துக் கொடுத்த கணக்கு அதுல இருக்கு. அதனால "மக்கள் புதுப் பாட்டை ஏத்துக்கிட்டாங்க"ன்னு இந்த நம்பரைக் காட்டி வாதாடுறவங்க கொஞ்சம் அடக்கி வாசிக்கிறது நல்லது.

நம்ம ஏ.ஆர். ரஹ்மானோட ஒரு பாட்டு பண்ணாங்களே, அது எந்தப் பக்கம்?

'அஹிம்சா'. 2019 நவம்பர்ல வந்துச்சு, அடுத்த மாசம் 15ஆம் தேதி நவி மும்பை டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்துல யூ2வோட முதல் இந்தியக் கச்சேரி, அதுக்கு முன்னோட்டம் மாதிரி. பாட்டுல வர்ற தமிழ் வரிகள் திருக்குறள், 'இன்னா செய்தாரை ஒறுத்தல்'. ரஹ்மானோட மகள்கள் கதீஜாவும் ரஹீமாவும் பாடியிருக்காங்க. அயர்லாந்து ராக் பேண்டோட பாட்டுல குறள் வரும்னு ஹாஸ்டல்ல சுவத்தைத் தட்டின அந்தப் பையன்கிட்ட சொல்லியிருந்தா என்னை அடிச்சிருப்பான்.

இசையாப் பாத்தா இது பாப்தான், சந்தேகமே இல்ல. எட்ஜ் கிட்டார் ஓரமாத்தான் நிக்குது, தாளம் மெதுவா மிதக்குது. ஆனா இதுல அந்தப் பயம் இல்ல, அதுதான் எனக்குப் பிடிச்சது. ரேடியோவுல ஓடுமா ஓடாதான்னு கணக்கு பாத்து யாராவது குறளை எடுத்துப் போடுவாங்களா? தமிழ் ரசிகர்கள்லயே சிலர் "ரஹ்மான் இன்னும் நல்லா பண்ணியிருக்கலாம்"னாங்க, அது வேற சண்டை, அதுக்குத் தனியா ஒரு பக்கம் போடணும், நான் போட மாட்டேன்.

பழைய நாப்பது பாட்டைத் திரும்ப மெதுவாப் பாடி விட்டாங்களே, அது?

'சாங்ஸ் ஆஃப் சரண்டர்', 2023 மார்ச். லாக்டவுன்ல எட்ஜ் உக்காந்து ஆரம்பிச்ச வேலை. சிலது அழகு, நிறைய தூக்கம். நாப்பது அதிகம், பன்னெண்டு போதும். மேல சொன்னேனே பூசினது அதிகம்னு, இங்க உல்டா, எல்லாத்தையும் சுரண்டிட்டாங்க. 'ஸ்ட்ரீட்ஸ்' பாட்டுல அந்த ஒன்றரை நிமிஷ ஏத்தம் இல்லன்னா மிச்சம் என்ன இருக்கு சொல்லுங்க.

'அட்டாமிக் சிட்டி' கேட்டேன், அது ராக் மாதிரிதானே இருக்கு?

ஆமா, 2023 செப்டம்பர்ல லாஸ் வேகாஸ் ஸ்ஃபியர் அரங்கத்துல நாப்பது கச்சேரி ஆரம்பிச்சப்போ விட்டது. ப்ளாண்டிங்கிற அமெரிக்க பேண்ட் காலத்து எழுபதுகள் வாசனை, ஒரு இடம் அவங்களோட 'கால் மீ' பாட்டை அவ்ளோ நேரா ஞாபகப்படுத்துறதால அதை எழுதின டெபி ஹாரிக்கும் ஜார்ஜியோ மொரோடருக்கும் எழுத்துல பங்கு கொடுத்திருக்காங்க. பாத்தீங்களா, ராக் ரசிகர்கள் "வந்துட்டாங்கடா நம்மாளுங்க"ன்னு குதிச்ச பாட்டே ஒரு பழைய பாப் ஹிட்டோட பேரன். லாரி உடம்பு சரியில்லாததால ஸ்ஃபியர்ல வாசிக்கல, ஒரு டச்சு ட்ரம்மர் வந்தாரு, ஆனா இந்த ரெக்கார்டிங்ல இருக்குறது லாரிதான்.

சரி, போனோ குரல் போயிடுச்சுன்னு சொல்றாங்களே?

1960ல பொறந்தவரு. உச்சத்துல கொஞ்சம் கரடுமுரடாத்தான் இருக்கு. அது பிடிக்காதவங்க 1983ல வந்த 'வார்' ஆல்பத்தோட நிறுத்திக்கலாம்.

நான் புதுசு, சண்டையில எந்தக் கட்சிலயும் சேர விருப்பமில்ல. ஒரே ஒரு புதுப் பாட்டு சொல்லுங்க.

'தி லிட்டில் திங்ஸ் தட் கிவ் யூ அவே'. 2017 டூர்ல ஆல்பம் வர்றதுக்கு முன்னாடியே மேடையில வாசிச்சாங்க, அப்புறம் ஆல்பத்துலயும் வந்துச்சு. முதல் பாதி ரொம்ப சாதாரணமா நடக்கும், "இதுக்கா இவன் இவ்ளோ பேசினான்"னு தோணும், பொறுத்துக்குங்க. நடுவுல போனோ தனக்குள்ள இருக்குற இருட்டைப் பத்தி ஒவ்வொரு வரியா ஏத்திக்கிட்டே போவாரு, அவர் நிறுத்துற இடத்துல எட்ஜ் எடுப்பாரு. அதே டிலே, அதே தள்ளி வர்ற எதிரொலி, முப்பது வருஷம் முன்னாடி ஹாஸ்டல் சுவரை அதிர வச்ச அதே ஆளு. பஸ்ல ஃபோன் ஸ்பீக்கர்ல எல்லாம் போடாதீங்க. ராத்திரி, ஹெட்ஃபோன்ல, வால்யூமை முதல்லயே ஏத்தி வச்சுக்கிட்டு கேளுங்க.